பிறந்தவீட்டுச் சீராக வந்த ராகி

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் வரலாற்றைக் கேட்டால் எல்லோரும் 1978இல் தொடங்குவார்கள். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனமும் அதன் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகாவும் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு ஆகிய ஊர்களின் 332 ஏக்கரில் மின்னணுத் தொழிற்பேட்டைக்குக் கால்கோள் இட்ட காலம் அது. பிறகு 1994இல் இன்ஃபோசிஸ் தலைமையகம், 2010இல் சில்க் போர்டிலிருந்து வரும் மேம்பாலச் சாலை, 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ என்று அடுக்குவார்கள். 1978க்கு முன்னால் என்ன இருந்தது? "வெறும் ராகிக் கொல்லைதானே" என்று பதில் வரும். அந்த "வெறும்" என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. ஆனேக்கல் தாலுகாவின் செம்மண்ணில் மானாவாரியாக விளைந்த அந்தத் தானியம், கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தின் உழவர்கள் ஒரு காட்டுப்புல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பயிராக்கித் தந்தது. ஆப்பிரிக்காவை மனித குலத்தின் பிறந்தவீடு என்று ஒரு பாடத்தில் கும்பிட்டுவிட்டு, அடிமை வணிகம் வரும்வரை நாம் அதை மறந்துவிடுகிறோம். அந்தப் பிறந்தவீட்டிலிருந்து சீர் வந்துகொண்டேதான் இருந்தது. நம் தட்டிலேயே அது இருக்கிறது, நம் வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ராகி ஆப்பிரிக்கப் பயிர் என்பதற்கு என்ன சான்று? இந்தக் கேள்வி நியாயமானது, ஏனென்றால் நெடுங்காலம் அறிஞர்களே இதில் இரண்டுபட்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தாவரவியலாளர் தெ கந்தோல் ராகியை இந்தியப் பயிர் என்று கருதினார். ருஷ்ய அறிஞர் வவிலோவ் எத்தியோப்பியாவின் பக்கம் கைகாட்டினார். குழப்பத்துக்கு ஒரு காரணம், நம் வரப்புகளில் களையாக முளைக்கும் ராகியின் நெருங்கிய உறவுப் புல். அதன் அறிவியல் பெயரான எலூசின் இண்டிகாவிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரைப் பார்த்துப் பூர்வீகம் சொன்னவர்கள் குரோமோசோமை எண்ணிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. பயிரிடும் ராகியில் குரோமோசோம்கள் 36, வரப்புப் புல்லில் 18. ராகியைப் போலவே 36 உள்ளதும், ராகியோடு தடையின்றிக் கலந்து விதை தருவதுமான காட்டு இனம் வேறொன்று உண்டு. அது இயல்பாக வளரும் இடம் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள். 1976இல் ஆய்வாளர்கள் ஹிலு, தெ வெட் ஆகிய இருவரும் இந்தச் சான்றுகளை ஒன்றுதிரட்டி எழுதிய பிறகு வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ராகிக்குள் இருக்கும் இரண்டு மரபுத் தொகுதிகளில் ஒன்று அந்த வரப்புப் புல்லின் வழியில் வந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் புல் ஆப்பிரிக்காவிலும் தாராளமாக முளைக்கிறது.

இந்தியாவிலேயே ராகி மிகப் பழையது என்று காட்டத் தொல்லியலையும் சிலர் துணைக்கு அழைப்பார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊர்களில் கரிந்த ராகி மணிகள் கிடைத்ததாக முன்பு பல அறிக்கைகள் எழுதப்பட்டன. தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர் 2003இல் அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி ஆராய்ந்தபோது, பல இடங்களில் ராகி என்று எழுதப்பட்டவை வேறு சிறுதானியங்களின் மணிகள் என்று தெரிந்தது. கரிந்து சுருங்கிய ஒரு மணியைப் பார்த்து இது ராகி, இது சாமை என்று சொல்வது எளிதான காரியமில்லை. தென்னிந்தியக் கற்கால உழவர்கள் உண்மையில் எவற்றை விளைவித்தார்கள் என்பதும் அதே வழியில்தான் தெரியவந்தது. பெல்லாரிப் பக்கத்துச் சங்கனக்கல்லு போன்ற, சாம்பல்மேட்டுக் காலத்து ஊர்களில் கிடைத்தவை கொள்ளு, பாசிப்பயறு, இந்த மண்ணிலேயே தோன்றிய சில சிறுதானியங்கள். ராகி அவற்றுக்குப் பின்னால் வந்த விருந்தாளி.

மொழியே இதற்கு ஒரு சாட்சி சொல்கிறதோ என்று எனக்குப் படுகிறது. கேழ்வரகு என்ற சொல்லைப் பிரித்தால் கேழ், வரகு என்று இரண்டு நிற்கும். கேழ் என்றால் நிறம். நிறமுள்ள வரகு. ஆனால் ராகி வரகின் இனமே இல்லை. தெரிந்த பொருளின் பெயரைப் புதிதாக வந்ததற்கு அடைமொழியோடு சூட்டுவது நம் வழக்கம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காரமான காய்க்கு மிளகின் பெயரை நீட்டி மிளகாய் என்றோம். அதே கண்டத்தின் தானியத்தை மக்காச்சோளம் என்றோம். சங்க இலக்கியத்தின் முல்லை நிலத்துக்கு வரகும் குறிஞ்சிக்குத் தினையும் உரியவையாக நிற்க, கேழ்வரகு வரகின் சாயலில் பெயர் பெற்றுப் பின்வரிசையில் நிற்கிறது. இதை அறுதியான சான்றாக நான் முன்வைக்கவில்லை. தாவரவியல் சொல்வதற்குச் சொல்லியல் குறுக்கே நிற்கவில்லை என்பது மட்டும் தெளிவு. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உகாண்டாவில் ராகி மாவைக் கிண்டி உருட்டிக் கையால் பிட்டுக் குழம்பில் தொட்டுச் சாப்பிடும் உணவுக்குக் கலோ என்று பெயர். நம் களியோடு ஒலி ஒத்துப்போவதைக் கேட்டவுடன் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கக் கை பரபரக்கும். வேண்டாம், அது தற்செயல். ஒத்துப்போவது சமையல்தான்: கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, சுடச்சுட உருட்டி, மெல்லாமல் விழுங்கும் வித்தை. எத்தியோப்பியாவில் இதே தானியத்துக்கு டகுசா என்றும் சுவாஹிலி மொழியில் விம்பி என்றும் பெயர்.

ராகி தனியாகவும் வரவில்லை. சோளம் சூடானின் கிழக்குப் பகுதியில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராகத் தொடங்கியது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் பதிந்த சோள உமியின் தடங்களே அதற்குச் சான்று. கம்பு, சஹாராவின் தென் விளிம்பில், இன்றைய மாலி நாட்டில், கி.மு. 2500 வாக்கிலேயே பயிராகிவிட்டது. காராமணி என்றும் தட்டைப்பயறு என்றும் நாம் சொல்வது மேற்கு ஆப்பிரிக்காவின் பயறு. இவை எல்லாம் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் மெல்ல மெல்ல இந்தியத் துணைக்கண்டத்துக்குள் வந்து சேர்ந்தன. குஜராத் கடற்கரையின் பங்கு இதில் பெரிது. செங்கடல், அரேபியக் கரை, ஓமன் என்று கரையை ஒட்டியே போய்வந்த சிறு படகுக்காரர்களும் மீனவர்களும் மூட்டையின் மூலையில் கொண்டுவந்த விதைகளாக இருக்கலாம். பேரரசுகளின் ஆணை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எதிர்த் திசையிலும் போக்குவரத்து இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் உருவான திமில் மாடு இன்று கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் நிலமெங்கும் நிற்கிறது. ஆசிய வாழை உகாண்டாவின் அன்றாடச் சோறாகிவிட்டது. கொடுத்ததும் வாங்கியதும் இரண்டு பக்கமும் உண்டு.

இந்தப் பின்னணியில் 2023ஆம் ஆண்டைப் பாருங்கள். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை அதைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டின் மத்திய வரவுசெலவு உரையில் சிறுதானியங்களுக்கு ஸ்ரீ அன்னா என்று பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாடு அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாம் நல்ல காரியங்கள். ராகியில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு, மழை குறைந்தாலும் அது கைவிடாது. ஆனால் பிரச்சாரம் முழுவதும் "நம் முன்னோர் கண்டெடுத்த தானியங்கள்" என்ற ஒரே பல்லவி. இந்தியாவில் அதிகம் விளையும் மூன்று சிறுதானியங்கள் கம்பு, சோளம், ராகி. மூன்றும் ஆப்பிரிக்கா தந்தவை. நம் மண்ணிலேயே பயிரான வரகு, சாமை, இந்தியக் குதிரைவாலி ஆகியவை விளைச்சல் பட்டியலில் அடியில் கிடக்கின்றன. உலகத்துக்கு நாம் விருந்து வைத்தபோது விருந்தின் பெரும்பங்கைத் தந்த கண்டத்தின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எத்தியோப்பியாவும் உகாண்டாவும் மாலியும் அந்த ஆண்டைத் தங்கள் ஆண்டாகவும் கொண்டாடியிருக்கும். ராஜதந்திரக் கணக்கில் பார்த்தாலும் அது லாபம்தான்.

பாடப்புத்தகத்துக்கு வருவோம். என்சிஇஆர்டி 2006இல் வெளியிட்ட பதினோராம் வகுப்பு உலக வரலாற்று நூலில் பதினொரு அத்தியாயங்கள். முதலாவது, மனித குலம் ஆப்பிரிக்காவில் தோன்றிய கதை. அடுத்து மெசபடோமியா, ரோமப் பேரரசு, இஸ்லாமிய நாடுகள், மங்கோலியர், ஐரோப்பிய நிலப்பிரபுத்துவம், மறுமலர்ச்சி, அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியர், தொழிற்புரட்சி, பூர்வகுடிகளின் நிலப்பறிப்பு, சீனா ஜப்பானின் நவீனமயம். நல்ல நூல், வரலாற்றாசிரியர்கள் அக்கறையோடு எழுதியது. காலவரிசை அட்டவணையில் ஆப்பிரிக்காவுக்கு ஒரு பத்தியும் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் முதல் அத்தியாயத்துக்குப் பிறகு ஆப்பிரிக்காவை மையமாகக் கொண்ட அத்தியாயம் ஒன்றுகூட இல்லை. எத்தியோப்பியாவின் அக்சும் அரசு இல்லை. தங்கத்தோடு 1324இல் மக்காவுக்குப் பயணம் போன மாலியின் மன்சா மூசா இல்லை. இந்தியக் கண்ணாடி மணிகளை வாங்கிய தென் ஆப்பிரிக்க வணிக ஊர்களும் இல்லை. பத்தாம் வகுப்பு நூலில் ஆப்பிரிக்கா மறுபடி தலைகாட்டும்போது அது 1890களில் ரிண்டர்பெஸ்ட் நோயில் மாடுகளைப் பறிகொடுத்து, காலனி ஆட்சியாளர்களிடம் கூலிக்கு மண்டியிடும் கண்டமாக வருகிறது. அதுவும் உண்மை, சொல்லப்பட வேண்டியதே. 2022இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அத்தியாயங்களை வெட்டியபோது பதினோராம் வகுப்பின் முதல் அத்தியாயமும் போய்விட்டது. பிறந்தவீட்டைக் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு இடமும் மிஞ்சவில்லை.

இந்த மறதி நாம் மட்டும் கண்டுபிடித்ததும் அல்ல. ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் தன் விரிவுரைகளில் ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்று ஒதுக்கினார். 1963இல்கூட ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டிரெவர்-ரோப்பர், அங்கே ஐரோப்பியர்களின் வரலாறுதான் உண்டு, மற்றது இருட்டு என்ற பொருளில் பேசினார். இத்தகைய பார்வைக்குப் பதிலடியாகத்தான் யுனெஸ்கோ 1964இல் ஆப்பிரிக்கப் பொது வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கி, ஜோசப் கி-செர்போ போன்ற ஆப்பிரிக்க அறிஞர்களைக் கொண்டு எட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. ஐரோப்பியர் நம்மைப் பற்றி எழுதியதைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம், அவர்கள் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதியதை மட்டும் கேள்வியில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டோம். தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப் பங்கு உண்டு. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசேர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். எழுதும்போது மட்டும் "ரோமானிய வணிகம்" என்றே எழுதுகிறோம். அந்த ஊர்கள் ஆப்பிரிக்க மண்ணில் இருக்கின்றன. பெருமைக்குரிய செய்தி வரும்போது எகிப்து எப்படியோ ஆப்பிரிக்காவிலிருந்து நழுவி மத்தியதரைக் கடலுக்குள் போய்விடுகிறது.

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, மூவாயிரம் ஆண்டுகள் இங்கே விளைந்த பிறகு ராகி யாருடையது என்ற கேள்வியே அபத்தம் என்பது. நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ராகி நம்முடையதுதான். கன்னடக் கவி கனகதாசர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ராமதான்ய சரிதத்தில் நெல்லும் ராகியும் தம்முள் யார் பெரியவர் என்று ராமனிடம் வழக்குக்குப் போகின்றன. இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைத்துப் பார்த்தால் நெல் கெட்டுப்போகிறது, ராகி அப்படியே இருக்கிறது. தீர்ப்பு ராகிக்கு. ஹகேவு என்று கன்னடத்தில் சொல்லப்படும் நிலவறைக் குழிகளில் ஆண்டுக்கணக்கில் ராகியைச் சேமித்த உழவரின் அனுபவம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. மேல்சாதி நெல்லுக்கு எதிரே உழைப்பவர் தானியம் நிமிர்ந்து நின்ற கதை அது. இவ்வளவு ஆழமாக வேரூன்றிய பயிரை அந்நியம் என்று யார் சொல்வார்? பூர்வீகத்தைச் சொல்வது உரிமையைப் பறிப்பதாகாது. மருமகளின் தாய்வீடு எது என்று சொல்வதால் அவள் இந்த வீட்டுக்காரி இல்லை என்று ஆகிவிடாது. தாய்வீடே இல்லை என்று சாதிப்பதுதான் அவளை அவமதிப்பது.

இரண்டாவது எதிர்வாதம் சற்றுக் கனமானது. அரசர் பெயர் இல்லை, கல்வெட்டு இல்லை, ஆண்டு இல்லை. ஏதோ ஒரு மலையில் யாரோ புல்லைப் பயிராக்கினார்கள் என்பது வரலாறா, தாவரவியலா? எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேகூரில், கி.பி. 890 வாக்கில் நடந்த ஒரு போரைச் சொல்லும் நடுகல் உண்டு. பெங்களூரு என்ற பெயர் முதன்முதலாக வருவது அதில்தான். அதை வரலாறு என்கிறோம், ஏனென்றால் எழுதியிருக்கிறது. ஆனால் சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் தோண்டியெடுத்த, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள கைக்கோடரிகளைச் செய்தவர்களுக்கும் பெயரில்லை. 1863இல் பல்லாவரத்தில் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல்லாயுதத்துக்கும் உரிமையாளர் பெயரில்லை. அந்தக் கைக்கோடரியின் வகையில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியிலும் எத்தியோப்பியாவிலும் கிடைத்தவை என்பதையும் மறுக்காமல் ஏற்கிறோம். கல்லைச் செதுக்கியது அறிவு என்றால் விதையைச் செதுக்கியதும் அறிவுதான். காட்டு ராகியில் மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரிலேயே நிற்கும் தாள்களைக் கவனித்து, அவற்றின் விதையை மட்டும் எடுத்து வைத்து, பல நூறு பருவங்கள் திரும்பத் திரும்ப விதைத்தால்தான் விரல்களை மடக்கியது போன்ற அந்தக் கதிர் கிடைக்கும். அந்த வேலையின் பலனைத்தான் எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றியுள்ள மெஸ்களில் மதியம் களியுருண்டையாக, முத்தெ என்று தட்டில் வைக்கிறார்கள்.

மூன்றாவது, பாடச்சுமை. இருக்கிற பாடமே மூட்டையாகக் கனக்கும்போது ஆப்பிரிக்காவையும் ஏற்றுவதா? ஏற்ற வேண்டாம். ராகி, சோளம், கம்பு ஆகியவை புவியியலிலும் அறிவியலிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை எங்கே, யாரால் பயிராக்கப்பட்டன என்று அங்கங்கே ஒரு வரி போதும். காபி எத்தியோப்பியாவிலிருந்து வந்தது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது, விதையைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாபா புடன் கதையோடு சேர்த்தே தெரிகிறது. அதே நாட்டு மேட்டுநிலத்தோடு உறவுள்ள ராகியைப் பற்றி மட்டும் ஏன் தெரியவில்லை? காபி அரபுத் துறைமுகம், ஐரோப்பிய வணிகம் என்ற பழகிய வழியில் வந்தது. ராகி அந்த வழியில் வரவில்லை. எழுதி வைத்தவர்களின் பாதையில் வந்ததை மட்டும் வரலாறு என்று எண்ணும் பழக்கம் இது.

இதனால் நடைமுறையில் என்ன என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 2016 ஜனவரி இறுதியில் பெங்களூருவின் ஹெசரகட்டா பக்கம், வேறு யாரோ ஏற்படுத்திய விபத்துக்காகத் தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது. பாடப்புத்தகத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்தக் கும்பல் கூடியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், கும்பலுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. ஆனால் ஆப்பிரிக்கா என்றதும் பஞ்சமும் அடிமையும் மட்டுமே நினைவுக்கு வரும்படி ஒரு தலைமுறையைப் படிக்க வைத்ததற்கு நாம் பொறுப்பு. கர்நாடகத்திலேயே உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாபூர், ஹளியாள் காடுகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கன்னடமும் கொங்கணியும் பேசி வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பழங்குடித் தகுதி கிடைத்ததே 2003இல்தான். அச்சமூகத்திலிருந்து சாந்தாராம் சித்தி 2020இல் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டபோதுதான் பெங்களூருவின் பல பேருக்கு அப்படி ஒரு மக்கள் இருப்பதே தெரிந்தது.

ராகி விஷயத்தில் மறதி இல்லாமல் இருந்தவர்கள் வேளாண் விஞ்ஞானிகள். மண்டியாவின் வி.சி. பண்ணையில் சி.எச். லட்சுமணய்யா ("ராகி பிரம்மா" என்றே கர்நாடகத்தில் அழைக்கப்பட்டவர்) இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்தார். ராகிப் பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது, தன்மகரந்தச் சேர்க்கையுடையது, ஒட்டுச் சேர்ப்பது பெரும்பாடு. இங்கே நீண்டகாலம் பயிரான ராகி சீக்கிரம் விளையும், ஆப்பிரிக்க வகைக்குத் தடித்த தாளும் நோயைத் தாங்கும் வலுவும் உண்டு. மூவாயிரம் ஆண்டு பிரிந்திருந்த இரண்டு கிளைகள் மண்டியாவின் வயலில் மறுபடி சேர்ந்தபோது மகசூல் எகிறியது. அந்த வகைகளுக்கு லட்சுமணய்யா வைத்த பெயர் இண்டாஃப். இந்தியாவின் முதல் எழுத்துகளையும் ஆப்பிரிக்காவின் முதல் எழுத்துகளையும் ஒட்டிய பெயர் அது. 1970களிலிருந்து இண்டாஃப்-5, இண்டாஃப்-9 என்று வரிசையாக வந்த விதைகள் தென் கர்நாடகத்தையும் ஒசூர், கிருஷ்ணகிரிக் கொல்லைகளையும் நிரப்பின. குலைநோயைத் தாங்குவதால் இன்று உழவர்கள் அதிகம் தேடும் ஜிபியு-28 அந்த வம்சத்தில் வந்ததே. 2017இல் ராகியின் முழு மரபணுத் தொகுதியையும் முதன்முதலில் படித்து வெளியிட்டவர்களும் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தார்தான், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நேர் எதிர்க்கோடியில், ஊரின் வடக்கே இருப்பவர்கள். சிறுதானிய ஆண்டின் சுவரொட்டி எழுதியவர்கள் அந்த வளாகத்துக்கு ஒரு தொலைபேசி போட்டுக் கேட்டிருந்தால் போதும், இண்டாஃப் என்ற பெயரில் "ஆஃப்" எங்கிருந்து வந்தது என்று அங்கே யாரானாலும் சொல்லியிருப்பார்கள்.